நன்றி வரியில் தள்ளாதீர்கள்

பருவநிலை மாற்றமும் உடல்நலமும் குறித்த ஆய்வுகளில் 'இளைஞர்களுடன் இணைந்து' என்று எழுதுகிறோம். பழவேற்காட்டில் நான் யாருடன் இணைந்தேன்? ஊர்த் தலைவர் காட்டிய நான்கு பையன்களுடன். வீடு வீடாகக் கூட்டிப்போனதும், என் கேள்விகளை ஊர்ப் பேச்சுக்கு மாற்றியதும் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வரி. எனக்குக் கிடைக்கப்போவது முனைவர் பட்டம்.

அதைவிடப் பெரிய தவறு, நால்வரும் ஒரே சாதி என்பதை நான் கவனிக்காதது. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதை முடிவுசெய்வது 'பாடு' முறை. அது பாரம்பரியமாகப் பட்டினவர்களின் உரிமை. தலித் மீனவர்களும் இருளர்களும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஏரியில் சாதி போட்ட கோட்டை நான் ஆய்விலும் போட்டுவிட்டேன்.

படகும் வலையும் இல்லாமல், நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இருளர் பெண்கள். வெயில் ஏறினாலும் தண்ணீர் கெட்டாலும் முதலில் தாங்குவது அவர்கள் உடல்தான். அந்த வீட்டுப் பெண்பிள்ளையைக் கேட்காதது என்ன உடல்நல ஆய்வு?

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், தங்களை ஆராய வருபவர்களுக்கான நெறிமுறையை 2017-இல் தாங்களே எழுதினார்கள். இங்கும் எழுதட்டும். கேள்விகளை முடிவுசெய்யும் நாளிலேயே இருளர், தலித் இளைஞர்கள் உட்கார வேண்டும். வேலைக்குக் கூலி, கட்டுரையில் ஆசிரியராகப் பெயர், தரவு தமிழில் அவர்கள் கையில், வேண்டாம் என்றால் நிறுத்தும் அதிகாரம்: இவை சலுகை அல்ல, உரிமை.

அதுவரை 'இணைந்து' என்ற சொல்லை எடுத்துவிடுவோம்.