பந்தும் பிழைப்பும்

பெண் குழந்தை பந்து உதைத்தால் வீட்டில் உலை கொதிக்குமா என்று கேட்கும் தாய் தந்தையரை நாம் பரிகசிப்பதில்லை. கேள்வி நியாயமானதுதான். பிள்ளையாண்டான் பந்து விளையாடினால் தேகத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறோம். பெண் விளையாடினால் மட்டும் உடனே வரவு செலவுக் கணக்கைப் பிரித்து உட்கார்ந்துவிடுகிறோம். போகட்டும், பிரித்ததுதான் பிரித்தோம். அந்தக் கணக்கைக் கடைசி வரி வரையில் ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்பதே இந்த வாரம் நம் எண்ணம்.

நாட்றம்பள்ளி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளின் வண்டிகள் காலை வேளையில் கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்த வேலையில் கஷ்டம் உண்டு. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளமும் உண்டு. மைதானத்தில் ஓடுகிற பெண்ணுக்கு மாதம் பிறந்தால் என்ன உண்டு? வயதில் ஒரு மாதம் கூடுகிறது, அவ்வளவே. ஆகையால்தான் ஏழாம் வகுப்பில் பையன்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓடிய பெண், ஒன்பதாம் வகுப்பில் மைதானத்து ஓரமாகத் தோழிகளின் புஸ்தகப் பைகளுக்குக் காவலாக நிற்கிறாள். உபாத்தியாயர்கள் யாவரும் அறிந்த காட்சி இது.

இந்தக் காவலிலிருந்து தப்பிப் போன ஒருவரின் கதையைப் பார்ப்போம். இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர், 1994-இல் பிறந்தவர். கால்பந்தில் நடுக்களத்தில் நின்று ஆடுகிறவர். பந்தைப் பின்னாலிருந்து வாங்கி முன்னால் கொடுப்பதும், சமயம் வாய்த்தால் தாமே கோல் போடுவதும் அந்த இடத்துக்குரிய வேலை. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நேபாளத்து விராட்நகரில் தெற்காசியப் பெண்கள் போட்டி நடைபெற்றது. அரை இறுதியில் பங்களாதேஷை இந்தியா 4-0 என்று வென்றபோது, அவற்றில் இரண்டு கோல் இந்துமதி போட்டவை. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்று தோற்கடித்து நம்மவர்கள் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் மதுரை சேது அணி, மணிப்பூர்ப் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைப் பெற்றது. அந்த அணியிலும் இந்துமதி இருந்தார். பிற்பாடு கேரளத்துக் கோகுலம் அணியில் சேர்ந்து, 2023-இல் மறுபடியும் லீக் பட்டம் கண்டார்.

அவர் தனி ஒருவர் அல்லர். இந்திய அணியில் ஆடிய சந்தியா ரங்கநாதனும் அதே கடலூர் ஜில்லாக்காரர்தான். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பல தடவை பட்டம் வென்ற மணிப்பூரைத் தமிழ் நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்று முதல் முறையாகப் பட்டம் பெற்றார்கள். 2023-இல் அமிருதசரஸில் ஹரியானாவை வென்று மறுமுறையும் பெற்றார்கள். தமிழ்ப் பெண்ணின் காலில் வலு இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஆயினும் நாம் கணக்கல்லவா பார்க்கிறோம்? இந்துமதி வீட்டில் உலை கொதிக்க வைத்தது எது? அவர் தமிழ் நாட்டுப் போலீசில் சப் இன்ஸ்பெக்டர். 2020-இல் கொரோனா நோய்க்காக நாடு அடைக்கப்பட்டிருந்தபோது, தேசத்துக்காகக் கோல் போட்ட அதே கால்கள் சென்னைத் தெருக்களில் நின்று ஜனங்களை வீட்டுக்குள் போகச் சொல்லிக்கொண்டிருந்தன. உத்தியோகம் கௌரவமானது, அதைக் குறை கூற நமக்கு வாயில்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று அரசாங்க உத்தியோகங்களில் 3 சதவீதம் ஒதுக்கியிருப்பது நம் மாகாணத்தில் செய்யப்பட்ட நல்ல காரியங்களுள் ஒன்று. ஆனால் அந்தக் கதவு, பந்தாட்டத்தில் பேர் வாங்கிய பிறகே திறக்கிறது. பதின்மூன்று வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவே உள்ள ஏழு ஆண்டுகளை எப்படிக் கடப்பது? நம் பெண்கள் காணாமற் போவது அந்த ஏழு ஆண்டுகளில்தான்.

இது நம் தேசத்துக்கு மட்டும் வாய்த்த குறை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்றே ஒரு பந்தாட்டம் உண்டு. மைதானம் முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம், தோலால் தைத்தது. பந்தைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், கையில் எடுத்துக்கொண்டும் ஓடலாம். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி. சற்றே விலகிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. 1985-இல் பிறந்த எரின் பிலிப்ஸ் என்னும் பெண், அந்த ஆட்டத்தில் பேர் பெற்ற ஒருவரின் மகள். சிறு வயதில் பையன்களோடு சேர்ந்து ஆடினாள். 13 வயதானதும் இனிப் பெண்கள் பையன்களோடு ஆடக்கூடாது என்று விதி குறுக்கே நின்றது. பெண்களுக்கென்று சம்பளம் தரும் பந்தயமோ அப்போது கிடையாது. தகப்பனார் ஆடிய ஆட்டத்தை விட்டு அவள் கூடைப்பந்துக்குப் போனாள். போன இடத்திலும் சோடை போகவில்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியில் இருந்தாள். 2012-லும் 2014-லும் அமெரிக்க லீக் பட்டம் வென்ற அணிகளிலும் இருந்தாள்.

2017 பிப்ரவரி 3-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் பெண்கள் பந்தாட்ட லீக் தொடங்கியது. முதல் நாளே இருபத்து நாலாயிரம் பேருக்கு மேல் கூடி, இடம் போதாமல் வாசற்கதவைச் சாத்தும்படி ஆயிற்று. எரின் 31-ஆம் வயதில் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார். அந்த வருஷமே லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். 2019-இல் மறுபடியும் பெற்றார். 2019 இறுதி ஆட்டத்தைக் காண அடிலெய்டில் 53,034 பேர் கூடினார்கள். முழங்கால் நரம்பு அறுந்து அவரைத் தூக்கிச் சென்றபோது அரங்கமே எழுந்து நின்றது. மூன்று தடவை பட்டம் வென்ற அணியில் இருந்து, 2023-இல் ஓய்வு பெற்றார். பெண்கள் பந்தாட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்ற கேள்விக்கு அந்த ஊர் ஜனங்கள் இப்படிப் பதில் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் முன்னதாகவே கேட்டிருந்தால் அப்போதும் சொல்லியிருப்பார்களோ, என்னவோ!

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் தேசத்தில் பெண்கள் கால்பந்து லீக் டில்லியில் தொடங்கிய நாள் 2017 ஜனவரி 28. ஆஸ்திரேலியர்களுக்கு ஆறு நாள் முன்பே நாம் தொடங்கிவிட்டோம்! ஆனால் அவர்கள் 8 அணிகளைக் கொண்டு இரண்டு மாத காலம், ஊர் ஊராக ஆட்டத்தைக் கொண்டு போனார்கள். நாமோ 6 அணிகளை ஒரே நகரத்தில் கூட்டி, மூன்று வாரத்துக்குள் முடித்து மூட்டை கட்டிவிட்டோம். அணிகள் சொந்த ஊரிலும் எதிரி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை நம்மிடம் 2023-24-இல்தான் வந்தது. தன் ஊர்ப் பெண் ஆடுவதைத் தன் ஊரிலேயே பார்க்க முடியாத ஜனங்கள் எப்படிச் சீட்டு வாங்குவார்கள்? சீட்டு விற்காத ஆட்டத்தில் சம்பளம் எங்கிருந்து வரும்?

அவர்களிடமும் முதல் வருஷமே பொன் மழை பெய்துவிடவில்லை. 2017-இல் கீழ்ப்படியில் இருந்த ஆட்டக்காரிக்கு ஒரு பருவத்துக்குக் கிடைத்தது 8,500 டாலர் சுமார். பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள். கேட்டார்கள், வாதாடினார்கள், 2023-இல் ஆண், பெண் இருபாலாருக்கும் சேர்த்து ஒரே சம்பள ஒப்பந்தம் ஏற்பட்டது. நம் கால்பந்து சம்மேளனமும் 2023-இல் ஒரு முடிவு செய்தது: முதல் வரிசை அணி ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்தியப் பெண்களுக்கு வருஷத்துக்கு 3,20,000 ரூபாயாவது தர வேண்டும் என்பதே அது. மாதக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 26,700 ரூபாய். உலை கொதிக்கும்! ஆனால் எத்தனை வீட்டில்? அணிக்குப் பத்துப் பேர் வீதம் எண்ணிப் பார்த்தால், இவ்வளவு பெரிய தேசத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்குக்கூடப் போதாத தொகைதான்.

2025 ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என்று வென்று, ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பைக்கு நம் பெண்கள் தகுதி பெற்றார்கள். தகுதிப் பந்தயம் ஆடி வென்று அவர்கள் அந்தக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. நாட்டின் கீர்த்திக்கு அவர்கள் வேண்டும் என்றால், அவர்களுடைய பிழைப்புக்கு நாடு வேண்டாமா?

பெரிய காரியங்களைச் சம்மேளனமும் அரசாங்கமும் பார்க்கட்டும். நமக்கு எட்டுகிற காரியங்கள் இரண்டு உண்டு. பள்ளிக்கூடத்து மைதானத்தில் வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்றே விட்டு, பந்தையும் அவர்கள் கையில் கொடுப்பது உபாத்தியாயர்களால் ஆகும். அந்த மாலைகளில், இருட்டுவதற்குள் வீடு திரும்பத் துணை ஏற்பாடு செய்துகொண்டு, ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பெண்ணை அனுப்பி வைப்பது பெற்றோர்களால் ஆகும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. அந்த ஏழு ஆண்டுகளுக்குப் பாலம் போட இதைத் தவிர வேறு வழி நமக்குத் தோன்றவில்லை. பதினைந்து வயதில் மைதானத்தில் இல்லாத பெண்ணை, இருபத்தைந்து வயதில் எந்தச் சம்பளமும் அங்கே கொண்டு வந்து நிறுத்த முடியாது. புஸ்தகப் பைகளுக்குக் காவல் தேவைதான். அவற்றை ஓர் ஆணியில் மாட்டி வைத்தாலும் போதும்.