இவர்கள் சொல்லுக்கு நாம் சாட்சி நிற்போம்!

வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்களே!

காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு முகாம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஏன் ஓடிவந்தீர்கள் என்று முறையாகக் கேட்டு, அகதி என்று எழுதிக்கொடுக்க இந்த நாட்டில் சட்டமே இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. ஒன்றிய அரசின் 2025 செப்டம்பர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த ஈழத்தமிழர்களை, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கியது; அவ்வளவுதான். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடியில் கரையேறிய குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

சட்டம் வந்தால் மட்டும் போதாது, தோழர்களே. சட்டம் உள்ள பிரிட்டனுக்கு 2011-ல் போன ஓர் ஈழத்தமிழர், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட தழும்புகளை முதுகில் காட்டினார். ஆள்வைத்துத் தானே சுட்டுக்கொண்டிருப்பார் என்றது தீர்ப்பாயம்! மருத்துவர் அறிக்கையும் எடுபடவில்லை. 2019 மார்ச்சில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

விசாரணையில் சொல்லும் தேதி மாறினால் பொய்யர் என்கிறார்கள் அதிகாரிகள். குண்டு விழுந்த நாளை நம் ஆயாக்கள் காலண்டர் பார்த்தா சொல்வார்கள்? பொங்கல் கழிந்து, பங்குனி உத்திரத்துக்கு முன்னே என்றுதானே சொல்வார்கள்! சீரழிக்கப்பட்ட பெண் முன்பின் தெரியாத அதிகாரியிடம் முதல் நாளே வாய் திறப்பாளா? சொல்வது பொதுவாக நம்பத்தக்கதாக இருந்தால் சந்தேகத்தின் பலன், புகலிடம் கேட்டு வந்தவருக்கே என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 1979 கையேடு.

புகலிடம் தேடி வந்தவர்களைச் சந்தேகிப்பது நம் மண்ணுக்குத் தெரிந்த கதை. பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புகலிடம் தேடி வந்த ஊர் புதுச்சேரி. பிரிட்டிஷ் அரசின் ஒற்றர்கள் ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்க் காகிதங்களைப் போட்டு மாட்டிவிடப் பார்த்தார்கள். அந்நியர்கள் இங்கே தங்க, கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐவரின் சான்று வேண்டும் என்று பிரெஞ்சு அரசு விதித்தபோது, இவர்களுக்காகக் கையெழுத்து திரட்டிக் கொடுத்தவர் நம் ஊர்ப் பெரியவர் கலவை சங்கர செட்டியார்.

இன்று அந்தக் கையெழுத்தை நாம் போட வேண்டும். 2006-க்குப் பிறகு நம் கொம்யூன்களுக்கு உள்ளாட்சித் தேர்தலே இல்லை. தீர்மானம் போட மன்றம் இல்லை. ஆகவே வீடுவீடாகப் போவோம். நூறுநாள் வேலை நடக்கும் இடங்களில், நடவு வயல்களில் பேசுவோம். அகதிகள் சட்டம் வேண்டும். அதில் வழக்கறிஞரும், ஈழத்தமிழ் புரிந்த மொழிபெயர்ப்பாளரும், மேல்முறையீடும் வேண்டும். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். இருவர் கையிலும் நம் கையெழுத்துகளைக் கொடுத்து, நாடாளுமன்றத்தில் பேசச் சொல்வோம். இந்த வாரமே தொடங்குங்கள், தோழர்களே!