கண்ணுக்கு எட்டாத சுவரொட்டி காவல் ஆகாது

2017இல் இலங்கையெங்கும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அவ்வாண்டு மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் பாடசாலைகளையே மூட வேண்டியதாயிற்று. அதன் பின்னரும் மாரி வரும்போதெல்லாம் சுவரொட்டி அச்சிடுகிறோம். வாசகத்தைப் பலமுறை திருத்துகிற நாம், அதைப் பார்க்கும் கண்ணைப் பற்றி யோசிப்பது குறைவு.

கண் கூர்மையாகக் காண்பது பார்வைப் புலத்தின் நடுவே ஏறத்தாழ 2 பாகை மட்டுமே: நீட்டிய கையின் பெருவிரல் அகலம். அதற்கு வெளியே, நெருங்கி நிற்கும் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மூன்று மொழிகளில் பத்து அறிவுரைகளை ஒரே தாளில் அடுக்கினால், கிண்ணியாப் பாலத்தடியில் ஓட்டோவில் போகிறவருக்குத் தெரிவது சாம்பல் நிறப் பரப்புத்தான். தமிழில் புள்ளிதான் முதலில் மறையும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். பச்சைமேல் சிவப்பு, ஒளிர்வில் இரண்டும் சமமானால், யாருக்கும் விளிம்பு தெளியாது. சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு எழுத்தே காணாமற்போகலாம். திருகோணமலை வெயிலில் மஞ்சள், செந்நிற மைகள் முந்தி வெளிறும், கறுப்பு நிலைக்கும். எனவே வடிவமைப்பை முதலில் கறுப்பு வெள்ளையில் படியெடுத்துப் பாருங்கள். அதில் செய்தி நின்றால்தான் நிறம் சேர்க்கலாம்.

அடுத்தது படம். பூதாகாரமான நுளம்பு அச்சத்தைத் தருமே தவிர, செய்யவேண்டியதைச் சொல்லாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. நீரை ஊற்றிவிட்டாலும் அம்முட்டைகள் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிர்தாங்கும். ஆகவே வரையவேண்டியது சீமெந்துத் தொட்டி, அதன் நீர்க்கோடு, அக்கோட்டைத் தேய்க்கும் தூரிகையும் கையும். தாளில் மிக அழுத்தமான கறுப்பு வெள்ளை வேறுபாடு அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும். கண் தானாக அங்கே போகும். தமிழிலும் சிங்களத்திலும் சம அளவில் ஒவ்வொரு வரி, சுற்றிலும் வெற்றிடம். மற்ற விவரங்களைத் துண்டுப்பிரசுரத்துக்கு விடலாம்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒரு படியை பஸ் நிலையத்திலோ மீன்பிடித் துறையிலோ உச்சி வெயிலில் மாட்டுங்கள். வழிப்போக்கருக்கு மூன்று விநாடி காட்டி மறைத்து, ‘என்ன செய்யச் சொல்கிறது?’ என்று கேளுங்கள். ‘தொட்டியைத் தேய்க்க’ என்ற பதில் வராவிட்டால் திருத்த வேண்டியது வடிவமைப்பையே; மக்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் சுகாதாரக் கல்வி அலுவலர்களும் இச்சோதனையின் முடிவுகளை, எடுபடாத வடிவங்கள் உட்பட, எமக்கு எழுதுங்கள். அடுத்த மாரிக்குமுன் அவற்றை ஒன்றுசேர்த்து வெளியிடுவோம்.