நிமோனியா குழந்தைகளை காப்பாற்றும் ஷாம்பு பாட்டில்... டாக்காவில் ஜெயித்தது, மலாவியில் ஏன் தோற்றது?

குழந்தையின் மூக்கில் பொருத்திய குழாயின் மறுமுனை, தண்ணீர் நிரப்பிய ஷாம்பு பாட்டிலுக்குள் இருக்கும். மூச்சு விடும்போது 'குபுகுபு'ன்னு குமிழி வரும். தண்ணீர் தரும் அந்த அழுத்தம்தான் நுரையீரலின் காற்றறைகளை மூடவிடாமல் தாங்குகிறது. அவ்வளவுதான் மெஷினே!

வங்கதேச மருத்துவர் முகமது ஜோபாயர் சிஸ்டி குழு இதை டாக்காவில் 225 குழந்தைகளிடம் சோதித்தது. 2015-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு இது: வழக்கமான ஆக்சிஜன் கொடுத்த 67 பேரில் 10 பேர் இறந்தனர். குமிழி முறையில் 79-க்கு 3 பேர்தான். வித்தியாசம் தெரிந்ததும் சோதனையை பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் எண்ணிக்கை சின்னது என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, எல்லா ஊருக்கும் கொண்டுபோக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஏற்கனவே ஆபத்தான நிலையில் இருந்த 644 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. குமிழி முறையில் 17% பேர் இறந்தனர், சாதாரண ஆக்சிஜனில் 11% பேர். எச்.ஐ.வி., கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளும் இதில் இருந்தது உண்மைதான். ஆனால் இன்னொரு விஷயம் கண்ணை உறுத்துகிறது. டாக்காவில் டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தனர். மலாவி வார்டில் டாக்டரின் தினசரி மேற்பார்வையே கிடையாது.

பின்னர் எத்தியோப்பியாவில், டாக்டர்களும் நர்ஸுகளும் கவனித்துக்கொண்ட பொது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் அதே பாட்டில் மறுபடியும் கைகொடுத்தது.