சுடுதளமும் "முன்னர் வந்தவர்" என்ற வாதமும்

துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சித் தளங்களுக்கு அயலில் வசிப்போர் முறையிடும்போது, உலகெங்கும் இரண்டு மறுமொழிகளே கிடைக்கின்றன. ஒன்று, "சத்தந்தானே, பழகிவிடும்." மற்றையது சற்றுக் கெட்டித்தனமானது: "நாங்கள் முன்னரே இருந்தோம், பின்னர் வந்து குடியேறியவர்கள் நீங்கள்." வற்றாப்பளையிலிருந்து எழுதுபவனுக்கு இவ்விரண்டும் எரிச்சலூட்டுவன.

முதலாவது மறுமொழியை நார்த்தாமலையில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள அவ்வூர்ச் சுடுதளத்தில் 2021 டிசெம்பர் 30 அன்று மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி பெற்றனர். தளத்துக்கு வெகு அப்பால், பாட்டனார் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ரவை பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூரில் அவன் இறந்தான். தளத்தைத் தற்காலிகமாக மூடும் உத்தரவு அந்த ரவைக்குப் பின்னரே வந்தது. இராணுவத் துப்பாக்கியின் ரவை, தடுக்கப்படாவிடின், மூன்று கிலோமீற்றர் வரை செல்ல வல்லது. ஆகவே வெடியோசை தெளிவாகக் கேட்கும் வீடு, பெரும்பாலும் ரவை எட்டக்கூடிய வீடுமாகும். சத்தம் குறித்த முறைப்பாட்டைப் பாதுகாப்பு முறைப்பாடாகவே பதிய வேண்டும் என்று நான் சொல்வது இதனாற்றான்.

சட்டம் காக்கும் என்பர். இலங்கையின் 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபை எல்லைகளுக்குப் பகலில் விதித்த உச்சம் 55 டெசிபெல். ஆனால் அது குறித்த நேரத்துக்கான சராசரி. துப்பாக்கி வாயில் 150 டெசிபெல்லைத் தாண்டும் ஓசை சில மில்லி செக்கன்களே நீடிப்பதால், தொலைவிலுள்ள வீட்டுக்குச் சராசரி கணக்கிடுகையில் அது கரைந்து போகிறது. 2009ஆம் ஆண்டை நந்திக்கடற் கரையில் கழித்தவரின் நெஞ்சு சராசரி பார்ப்பதில்லை. கோயில் ஒலிபெருக்கியை இரவு பத்து மணியோடு நிறுத்தச் சொல்ல எங்கள் உயர்நீதிமன்றத்துக்கு 2007இல் இயன்றது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அதே செவி இதற்கும் வேண்டும்.

இனி, "முன்னர் வந்தவர்" வாதம். இலண்டனில் மிட்டாய் செய்பவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உரலிடித்து வந்த இடத்தின் அயலில், ஒரு வைத்தியர் நோயாளரைப் பார்க்க அறை கட்டினார். இரைச்சல் பொறுக்காமல் வழக்கிட்டார். பின்னர் வந்தவர் என்பதற்காக அவரது உரிமை அற்றுப்போகாது என 1879இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களோ இதற்கு எதிர்த்திசையில், சுடுதளங்களைச் சத்த வழக்குகளிலிருந்து காப்பாற்றத் தனிச் சட்டங்களே இயற்றியுள்ளன. சுடுபவருக்குச் சட்டம், கேட்பவருக்குப் பொறுமை!

வன்னியில் இந்த வாதத்துக்கு அருகதையே கிடையாது. எங்கள் அயலூரான கேப்பாபுலவைப் பாருங்கள். அம்மக்கள் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் அவர்களது காணிகளில் படைமுகாம் எழுந்தது. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது சீனியாமோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பிலக்குடியிருப்பு மக்கள் 2017இல் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இரவு பகலாக இருந்தே தங்கள் காணிக்குள் கால் வைத்தனர். இவர்களைப் பார்த்துப் "பின்னர் வந்தவர்கள்" என்பதற்கு எவருக்கு நா எழும்?

முல்லைத்தீவில் பயிற்சிச் சூட்டுக்கு எங்கேனும் இடம் தெரிவு செய்ய நினைக்கும் அதிகாரி, 2009க்கு முந்திய குடியிருப்புப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு தெரிவு செய்யட்டும். சூடு நடக்கும் நாளும் நேரமும் கிராம அலுவலர் அலுவலகத்தில் முற்கூட்டியே தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஒலியைச் சராசரியாக அளவாது, ஒவ்வொரு வெடியின் உச்சத்தையும் வீட்டு வாசலில் வைத்து அளக்க வேண்டும். அளப்பவர் படையைச் சேராதவராக இருத்தல் வேண்டும்.