உறைக்குள் அடைபட்ட மாயாவி

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தபோது, அது படித்துக் கைமாற்றுவதற்கான மலிவுத்தாள். இன்று அதன் முதற்பதிப்பு முதலீட்டுப் பொருள். டோம்பிவிலியில் தமிழ்க் காமிக்ஸை ஆய்வு செய்ய முனையும் மாணவர், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளைக் கடந்து, தனியார் அலமாரிகளின் பூட்டில்தான் வந்து நிற்க வேண்டும்.

கதை அரிதன்று, மறுபதிப்பில் கிடைக்கிறது. அன்றைய விலை, விளம்பரம், அச்சுமுறை, மொழிபெயர்ப்பு நடை ஆகிய சான்றுகள் மூலப்பிரதியிலேயே உள்ளன.

பல்கலைக்கழகங்கள் சிறுபிள்ளை வாசிப்பென்று ஒதுக்கியபோது இவற்றைப் பரணில் காத்தவர்கள் சேகரிப்பாளர்கள். அந்தக் கடன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் சேகரிப்பாளர் வேறு, முதலீட்டாளர் வேறு. முன்னவருக்கு இதழைப் பிறருக்குக் காட்டுவதில் மகிழ்ச்சி. பின்னவருக்கு இன்னொரு பிரதி அழிவதில் இலாபம்.

அமெரிக்காவில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதியொன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு விற்றது. அச்சந்தையில் தரமதிப்பிட்ட இதழைப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடுவர். திறந்தால் அத்தரச்சான்று செல்லாது. படித்தால் மதிப்பிழக்கும் நூல்! தமிழுக்கு அம்முன்மாதிரி வேண்டுமா?

வேறு முன்மாதிரி நம்மிடமே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதரின் சேகரிப்பே இன்று சென்னையில் ஆய்வு நூலகம். மூலப்பிரதி உரிமையாளரிடமே இருக்கட்டும். ஆய்வுக்கான மின்படியேனும் நூலகத்துக்கு வரட்டும். அதைக் கேட்டுப் பெறுவது தமிழ்த்துறைகளின் கடமை. ஒதுக்கியவர்களே முதலில் கதவைத் தட்ட வேண்டும்.