நட்சத்திரம் வேண்டா, நான்கு வரி போதும்



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் படிக்க இங்கு வருகின்ற உங்களுக்கு இன்றைய பொருள் சற்று வியப்பைத் தரலாம். பிரிட்டனின் சிறிய, தனித்து இயங்கும் ஆலைகள் காய்ச்சுகின்ற பியரைப் பற்றியும், அதைச் சுவைத்து மதிப்பிடுகின்ற முறையைப் பற்றியும் எழுதப் போகிறேன். "ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். மதிப்பிடுதல் எங்கே நடந்தாலும் அது ஆசிரியத் தொழிலுக்கு அயலானதன்று என்பதே என் விடை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக் கள்ளுக்கடையும் மலிவான சம்சுவும் நம் குடும்பங்களைச் சிதைத்த கதையை நான் நன்கு அறிவேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வது என் நோக்கமன்று. நான் பேசுவது சுவைத்தலைப் பற்றி. பிரிட்டனில் ஒரு பைண்ட் என்பது 568 மில்லி லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை, ஏறத்தாழ 189 மில்லி லிட்டரை, தனியாக வாங்கவும் சட்டம் இடமளிக்கிறது. சுவைத்து எழுதுவோர் பலர் அச்சிறு குவளையையே கேட்டு வாங்குகின்றனர். பள்ளி விடுமுறையில் யார்க்‌ஷியரில் வாழும் என் தங்கையின் வீட்டுக்குச் சென்ற மூன்று முறையும் நானும் அப்படித்தான் வாங்கினேன்.

சரி, செய்திக்கு வருவோம்.

இன்று பியர் சுவைப்போர் பலரும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் திறந்து, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் இட்டுவிட்டு அடுத்த குவளைக்குப் போய்விடுகின்றனர். 2010இல் தொடங்கிய 'அன்டாப்ட்' என்னும் செயலி இப்பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. சிற்றாலைகளுக்கு நன்மை செய்வதாகத் தோன்றும் இந்த நட்சத்திரங்கள், அவற்றின் மிகச் சிறந்த பியர்களுக்கே தீங்கு செய்கின்றன என்பது என் கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதற்காரணம், எதை மதிப்பிடுகிறோம் என்பதே தெளிவாக இல்லாமை. முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கும்தாம் பியருக்கு அடிப்படை. பார்லி நிறத்தையும் இனிப்பையும் தருகிறது. ஹாப் கைப்பையும் மணத்தையும் தருகிறது. ஈஸ்ட் இனிப்பை உண்டு ஆல்கஹாலாக்குகிறது. பிரிட்டனின் சிற்றாலைகள் பல, ஈஸ்ட்டை வடிகட்டி நீக்காமலும் வெப்பமூட்டிக் கொல்லாமலும் பியரை உயிரோடு பீப்பாயில் அடைத்து அனுப்புகின்றன. அது பப்பின் நிலவறையில் மறுபடியும் நொதித்துப் பக்குவமடைகிறது. 11 முதல் 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் இருக்கும் அதனைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். பெரிய நிறுவனங்கள் இம்முறையைக் கைவிடத் தொடங்கியபோதுதான், அதனைக் காக்க 1971இல் நான்கு இளைஞர்கள் 'கேம்ரா' இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

இத்தகைய பீப்பாயைத் திறந்தால் காற்று உள்ளே புகும். சுமார் மூன்று நாளில் விற்றுத் தீர்த்தாக வேண்டும். ஆகவே நம் குவளைக்கு வருவது ஆலையின் கைவண்ணம் மட்டுமன்று. நிலவறையைப் பராமரிப்பவரின் அக்கறையும் அதில் கலந்திருக்கிறது. ஒரு பப்பில் வெள்ளிக்கிழமை அருமையாக இருந்த ஒரு பியரை, செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் மறுபடியும் வாங்கினேன். காடி போலப் புளித்திருந்தது! அன்று நான் ஒரே ஒரு நட்சத்திரம் இட்டிருந்தால், பிழை பப்பினுடையதாக இருக்க, தண்டனை ஆலைக்குப் போயிருக்கும். கேள்வித்தாள் மழையில் நனைந்து எழுத்து அழிந்துபோனதற்காக மாணவனின் மதிப்பெண்ணைக் குறைப்போமா?

இரண்டாவது காரணம், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது. இங்கேதான் ஆசிரியர் என்ற முறையில் என் மனம் மிகவும் வருந்துகிறது.

'மைல்ட்' என்றொரு பியர் வகை உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இங்கிலாந்தின் தொழிலாளர்கள் மிகுதியாகக் குடித்தது இதுதான். அப்பெயருக்கு முதலில் வலிமை குறைந்தது என்று பொருளில்லை. நாள்பட வைக்காத புதிய பியர் என்றுதான் பொருள். செட்ஜ்லி என்னும் ஊரில் சாரா ஹியூஸ் ஆலை காய்ச்சுகின்ற 'டார்க் ரூபி மைல்ட்' 6 விழுக்காடு ஆல்கஹால் உடையது. ஆயினும் இன்றைய மைல்ட் பெரும்பாலும் 3 முதல் 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். கருஞ்சிவப்பு நிறமும் இலேசான இனிப்பும் கொண்டு, நாவில் உரக்கப் பேசாமல் அமைதியாக இறங்கும். நண்பர்கள் இரண்டு மணி நேரம் உரையாடும்போது துணையாக இருக்க வேண்டிய பியர் அது.

மறுபுறம் 'இம்பீரியல் ஸ்டௌட்' இருக்கிறது. 10 விழுக்காட்டையும் தாண்டும். சிலவற்றை விஸ்கிப் பீப்பாயில் ஊறவைப்பார்கள். சாக்லேட், வனிலா, காய்ந்த திராட்சை என ஒரே மிடற்றில் வாய் நிறைந்துவிடும். அதுவும் நல்ல பியர்தான். ஆனால், ஒரு மிடறு குடித்துவிட்டு நட்சத்திரம் இடச் சொன்னால் எது வெல்லும்? உரக்கப் பேசுவதுதானே வெல்லும்? செயலிகளின் உயர்தரப் பட்டியல்களைப் பாருங்கள்: வலிமையான ஸ்டௌட்டும் பழச்சாறு போல் கலங்கிய ஐ.பி.ஏ. வகையும் மேலே இருக்கும். மைல்ட்டும் எளிய பிட்டரும் தேடினாலும் கிடைப்பதரிது.

முதலாம் ஆண்டு மாணவன் எழுதிய ஐந்து வாக்கியங்களையும், ஆறாம் ஆண்டு மாணவி எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையையும் ஒரே மதிப்பெண் அட்டவணையில் வைத்துத் திருத்தினால் என்ன ஆகும்? ஐந்து வாக்கியங்களும் பிழையின்றி அழகாக இருந்தாலும் அச்சிறுவன் தோற்றவனாவான். அவன் எழுத வேண்டியது ஐந்து வாக்கியம்தான் என்பதை அட்டவணை அறியாது, ஆசிரியர்தாம் அறிவார். நம் நாட்டில் 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றபோது நாம் விவாதித்ததும் இதனைத்தானே?

இதற்கு மாற்று வழி பிரிட்டனிலேயே இருக்கிறது. கேம்ரா ஆண்டுதோறும் நடத்துகின்ற 'சாம்பியன் பியர் ஆஃப் பிரிட்டன்' போட்டியில், பியரை முதலில் அதன் வகைக்குள் வைத்தே ஒப்பிடுகின்றனர். பெயரைத் தெரிவிக்காமல் சுவைக்கக் கொடுக்கின்றனர். விளைவைப் பாருங்கள். 2000இல் பர்ன்லி நகரின் மூர்ஹவுசஸ் ஆலையின் 'பிளாக் கேட்' வாகை சூடியது. அதன் வலிமை வெறும் 3.4 விழுக்காடு. 2009இல் யார்க்‌ஷியரின் ரட்கேட் ஆலையின் 'ரூபி மைல்ட்', 2011இல் எசெக்ஸ் மாவட்டத்து மைட்டி ஓக் ஆலையின் 'ஆஸ்கார் வைல்ட்' என மைல்ட் வகையே மேலும் இருமுறை நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. அளவுகோலைத் திருத்தியதும் அமைதியானவனின் திறமை வெளிப்பட்டது!

மூன்றாவது காரணம், நட்சத்திரங்களைத் தொகுப்பவர் யார் என்பது. 2000இல் தொடங்கிய 'ரேட்பியர்' என்னும் தளம் நெடுங்காலம் சுவைப்போரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏபி இன்பெவ் அதில் முதலில் ஒரு பங்கை வாங்கியது. 2019இல் முழுவதையும் வாங்கியது. 2025 பிப்ரவரியில் அத்தளம் மூடப்பட்டது. தேர்வு எழுதுகின்றவரே விடைத்தாள் திருத்தும் நிலையத்தின் உரிமையாளரானால், எவ்வளவு நேர்மையாகத் திருத்தினாலும் ஐயம் நீங்குமா?

ஆலைகளின் கதையும் அப்படியே. இலண்டனின் கேம்டன் டவுன் ஆலையை 2015இல் ஏபி இன்பெவ் வாங்கியது. பீவர்டவுன் ஆலையில் 2018இல் ஒரு பங்கை வாங்கிய ஹைனெக்கன், 2022இல் அதனை முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது. விற்றவர்களை நான் குறை கூறவில்லை. உழைத்து வளர்த்ததை விற்பது அவரவர் உரிமை. விற்றவுடன் சுவை கெட்டுவிடும் என்றும் கூறமாட்டேன். ஆனால், இது யாருடைய பியர் என்பதை வாங்குபவர் அறிய வேண்டும். நட்சத்திரம் அதைச் சொல்வதில்லை. ஒரு வரி எழுதினால் சொல்லிவிடலாம்.

"சிற்றாலைகளுக்கு விளம்பரம் செய்யப் பணமேது? நட்சத்திரம் இலவச விளம்பரமாயிற்றே!" என்று சிலர் வாதிடுவர். இதில் உண்மை உண்டு. யாரும் அறியாத ஊரின் ஆலை ஒன்று நட்சத்திரத்தால் புகழ் பெறுவது நடக்கக்கூடியதே. எனினும், பப் நடத்துபவரின் இடத்தில் நின்று பாருங்கள். அவரிடம் இருப்பது நான்கைந்து கைப்பம்புகள். சிறு பீப்பாய் ஒன்றில் 9 கேலன், அதாவது 72 பைண்ட் இருக்கும். மூன்று நாளில் விற்காவிட்டால் நட்டம். நட்சத்திரம் குறைந்ததை வாங்க அவர் தயங்குவார். அவர் வாங்காவிட்டால் ஆலை காய்ச்சாது. காய்ச்சாவிட்டால் இளையோர் அதைச் சுவைக்கவே வாய்ப்பில்லை. 2023 ஆகஸ்டு முதல் பிரிட்டனில் வரி வலிமைக்கேற்ப அமைந்து, 3.5 விழுக்காட்டுக்குக் குறைந்த பியருக்குச் சலுகை கிடைக்கிறது. அரசின் வரியே எளிய பியருக்கு இடம் கொடுக்கிறது, நட்சத்திரம்தான் கொடுக்கவில்லை!

அப்படியானால் எப்படி எழுதுவது? மாணவர்களுக்கு நான் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: கண்டதை எழுது, உன் சொல்லால் எழுது. ஒரு பியருக்கு நான்கு வரி போதும். எங்கே, எந்த நிலையில் குடித்தேன்? நிறமும் மணமும் சுவையும் எப்படி? தன் வகைக்கு அது பொருந்துகிறதா? யார் காய்ச்சியது? இவ்வளவுதான்.

என் குறிப்பேட்டிலிருந்து மூன்றைத் தருகிறேன்.

லூயிஸ் நகரில் 1790 முதல் இயங்கும் ஹார்விஸ் குடும்ப ஆலையின் 'சசெக்ஸ் பெஸ்ட்', 4 விழுக்காடு. செம்பு நிறம். முதலில் வறுத்த ரொட்டியின் ஓரம் போன்ற இனிப்பு. பின்பு தேயிலைச் சாயம் போன்ற துவர்ப்பு. கடைசியில் நீண்டு நிற்கும் கைப்பு. பிட்டர் என்னும் பெயருக்கு இதுவே இலக்கணம்.

டெர்பிஷியரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை 2005இல் தொடங்கியது. அதன் 'ஜெய்ப்பூர்' ஐ.பி.ஏ., 5.9 விழுக்காடு. இளம்பொன் நிறம். உரித்த பம்ளிமாஸ் தோலின் மணம், தேன், அதன்பின் கூர்மையான கைப்பு. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறிய பழைய பேல் ஏலின் நினைவைப் பெயரில் தாங்கியிருந்தாலும், ஹாப் மணம் அமெரிக்க மண்ணுடையது.

இலண்டன் பெர்மண்ட்சியில் 2009இல் பிறந்த கெர்னல் ஆலையின் 'டேபிள் பியர்', ஏறத்தாழ 3 விழுக்காடு. பழுப்புத் தாளில் அச்சிட்ட எளிய முகப்பு. எலுமிச்சைப் புல்லின் மணம், மெல்லிய உடல். சிறிதாக இருப்பது குறையன்று என்பதற்கு இது சான்று.

இவற்றுள் எதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் எனக்கு விடை இல்லை; அவை மூன்றும் மூன்று வேலைகளைச் செய்ய வந்தவை. பியர் வகைகளை முறையாகப் பிரித்து எழுதி உலகுக்கு அறிமுகப்படுத்திய யார்க்‌ஷியர்க்காரர் மைக்கேல் ஜாக்சனின் (1942–2007) கருவி சொல்தான். 1977இல் அவர் வெளியிட்ட நூல், மறைந்துகொண்டிருந்த பல வகைகளின் மீது ஆலைகளின் கவனத்தைத் திருப்பியது.

நம் மொழியில் கைப்புக்கும் துவர்ப்புக்கும் தனித்தனிச் சொற்கள் அழகாக இருக்கின்றன. பியரோ, கோப்பியோ, பாட்டி வைத்த இரசமோ, எதைச் சுவைத்தாலும் எண்ணிடுவதை விடுத்துச் சொல்லிடப் பழகுவோம். சுவைக்கின்ற பழக்கமில்லாதவர்கள் மாணவரின் கட்டுரையைத் திருத்தும்போது இதனைச் செய்து பார்க்கலாம்.

உங்கள் மாற்றுக் கருத்துகளையும் தயங்காமல் எழுதுங்கள். ஐந்துக்கு இத்தனை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்!